கிணற்றுக்குக் காவல் இருந்த பையன்

ஜூன் மாதம் பிறந்தால் போதும், எங்கள் தெருக்கோடியில் உள்ள நர்சரி பள்ளி வாசலில் காலை எட்டரை மணிக்கு ஒரு கச்சேரி தொடங்கிவிடும். ஒரு பிள்ளை ஆரம்பித்தால் அடுத்தது பிடித்துக்கொள்ளும். இந்த வருடம் அந்தக் கச்சேரியில் என் பேரனும் சேர்ந்துகொண்டான். வயது மூன்றரை. மகளும் மருமகனும் வேலைக்குப் போகிறவர்கள் என்பதால் கொண்டுபோய் விடும் பொறுப்பு ரிடையர்டு ஆசாமியான எனக்கு.

முதல் நாள் வாசல் கேட்டில் ஆயா வந்து அவனை என் இடுப்பிலிருந்து பிய்த்து எடுத்தார். அவன் என் சட்டைப் பையை விடாமல் பிடித்ததில் பேனா, மூக்குக் கண்ணாடி எல்லாம் கீழே விழுந்தன. "நீங்க நிக்காதீங்க சார், நீங்க நின்னாத்தான் ஜாஸ்தி அழுவான்" என்றார் வாட்ச்மேன். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் விசும்பல். நான்காம் நாள் அழவில்லை.

"பாத்தீங்களா, நான் சொல்லலே? மூணு நாள்தான். அப்புறம் பழகிடும்" என்றாள் என் மனைவி.

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவன் அழவில்லைதான். ஆனால் திரும்பிப் பார்க்கவும் இல்லை. அந்த முதுகைப் பார்த்தபோது எனக்கு இரண்டு பேர் நினைவுக்கு வந்தார்கள். ஒருத்தி, லண்டன் ஆஸ்பத்திரியில் எட்டு நாள் இருந்த ஒரு சின்னப் பெண். நான் புத்தகத்தில் மட்டும் சந்தித்தவள். இன்னொருவன், என் கையால் அடிவாங்கிய ஒரு பையன். இருவரையும் பற்றி எழுதவேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன். இன்று எழுதிவிடுகிறேன்.

பையனிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

1976இல் எனக்கு முதல் வேலை கிடைத்தது புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. இரண்டே ஆசிரியர்கள். நான்காம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் தலைமையாசிரியருக்கு. ஒன்று, இரண்டு, மூன்று எனக்கு. எனக்கு வயது 22. இன்ஸ்பெக்டர் வந்தால் முதலில் கேட்பது வருகைப் பதிவேட்டைத்தான். அதனால் வராத பிள்ளையைக் கொண்டுவர எல்லாப் பள்ளியிலும் இருந்த ஏற்பாடு எங்களிடமும் இருந்தது. ஐந்தாம் வகுப்பில் தடித்தடியாக நாலு பேரைப் பொறுக்கி அனுப்புவோம். அவர்கள் போய்க் கையைக் காலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வருவார்கள். ஊரே வேடிக்கை பார்க்கும். அந்த நாலு பேருக்கும் அன்று முழுவதும் தலைகால் புரியாது.

அந்தப் பையனைச் செல்வம் என்று வைத்துக்கொள்வோம். உண்மைப் பெயர் அதுவல்ல. இரண்டாம் வகுப்பு. மனக்கணக்கில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை முந்துவான். பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததிலிருந்து வரவில்லை. நாலு பேரை அனுப்பினேன். தூக்கி வந்தார்கள். இன்டர்வெல் மணி அடித்ததும் ஓடிவிட்டான். மறுநாளும் தூக்கி வந்தார்கள், மறுநாளும் ஓடினான். "வவுத்த வலிக்குது சார்" என்பான். முகத்தைப் பார்த்தால் பொய் மாதிரித் தெரியாது. ஆனால் வாத்தியாருக்கு வயிற்றுவலி என்றாலே பொய்தானே! புளியவிளாரால் அடித்தேன். ஒருநாள் முட்டிபோட வைத்தேன். முட்டிபோட்ட நிலையிலும் அவன் கண் ஜன்னல் பக்கமே இருந்தது.

இப்போது யோசித்தால் ஒன்று விளங்குகிறது. பள்ளிக்கு டிமிக்கி கொடுக்கும் பையன்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் கண்மாய்க்குப் போவார்கள், புளியந்தோப்புக்குப் போவார்கள், சந்தைக்குப் போவார்கள். வீட்டுப் பக்கம் மட்டும் தலைவைத்துப் படுக்கமாட்டார்கள். செல்வம் நேரே வீட்டுக்கு ஓடினான். தினமும் வீட்டுக்குத்தான் ஓடினான். இந்த வித்தியாசம் அன்று எனக்கு உறைக்கவில்லை.

மாசி மாதத்தோடு அவனைத் தூக்கி வருவதை நிறுத்திவிட்டேன். நாலு பேரில் ஒருவன் கையைக் கடித்துவிட்டான். தலைமையாசிரியர், "விட்டுத் தொலைங்க சார், அது உருப்படாது" என்றார்.

கோடை விடுமுறைக்கு முந்தின வாரம், மதிய உணவு சமைக்கும் அம்மா என்னிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார். அவர் வீடு செல்வத்தின் வீட்டுக்கு எதிர்வீடு.

"சார், அந்தப் புள்ள பள்ளிக்கூடத்துக்குப் பயந்து ஓடலை. அவுக அப்பன் குடிச்சிட்டு வந்து தினம் சண்டை. அவ ஆத்திரத்துல, 'நீ திரும்பி வர்றதுக்குள்ள நான் கெணத்துல கெடப்பேன்'னு சொல்லிப்புடுவா. இவன் கேட்டுக்கிட்டே இருப்பான். அவ எங்க போனாலும் பின்னாடியே போறான் சார். அவ சோறாக்குனா இவன் கெணத்தடியில போய் உக்காந்துக்கிறான்."

ஏழு வயதுப் பையன் கிணற்றுக்குக் காவல் இருந்திருக்கிறான். நான் அவனை நாலு பேரை விட்டுத் தூக்கி வந்து, அடித்து, ஜன்னலைப் பார்க்காதே என்று முட்டிபோட வைத்திருக்கிறேன்.

அதைக் கேட்ட பிறகாவது நான் ஏதாவது செய்தேனா என்றால், இல்லை. குடும்ப விவகாரம், வாத்தியார் தலையிடக் கூடாது என்று இருந்துவிட்டேன். அடுத்த வருடம் மாறுதல் வந்துவிட்டது. பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே சிவப்பு மையால் கோடு இழுத்தது என் கைதான்.

ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்கு உளவியல் ஒரு பாடம். பாவ்லோவின் நாய் தெரியும். தார்ன்டைக்கின் பூனை தெரியும். பிள்ளை பள்ளிக்கு வரும்போது வீட்டையும் மனசில் சுமந்துகொண்டு வருகிறது என்பது அதில் இல்லை. அதைக் கண்டுபிடித்தவர்களின் கதை எனக்குத் தெரிய வந்தது ஓய்வுபெற்ற பிறகு, மகள் வாங்கிக் கொடுத்த புத்தகங்களால். அந்தக் கதையைத்தான் இனிச் சொல்லப்போகிறேன்.

இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் மேல்நாட்டுப் படிப்பாளிகளிடம் ஓங்கியிருந்த கருத்து, பிள்ளைக்கு அதிகப் பாசம் ஆகாது என்பது. ஜான் வாட்சன் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர் 1928இல் குழந்தை வளர்ப்பு பற்றி ஒரு புத்தகம் எழுதினார். பிள்ளையைக் கட்டி அணைக்காதீர்கள், முத்தம் கொடுக்காதீர்கள், காலையில் வேண்டுமானால் கைகுலுக்குங்கள் என்பது அவர் அறிவுரை. நம் வீட்டுப் பாட்டிகள் கேட்டிருந்தால் அவரை வீட்டுக்குள்ளேயே விட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அங்கே அது விஞ்ஞானம் என்று பெயர் பெற்றது.

அப்படிப்பட்ட காலத்தில் லண்டனில் வசதியான குடும்பத்தில் 1907இல் பிறந்தவர் ஜான் போல்பி. அப்பா அரச குடும்பத்துக்கே வைத்தியம் பார்த்த சர்ஜன். அந்த வர்க்கத்து வழக்கப்படி பிள்ளைகளை வளர்த்தது வேலைக்கு அமர்த்திய பெண்கள். அம்மாவைப் பார்ப்பது மாலை தேநீருக்குப் பிறகு ஒரு மணி நேரம். அவரைப் பாசமாகக் கவனித்துக்கொண்ட செவிலிப் பெண், அவருக்கு நாலு வயது ஆகும் சமயத்தில் வேலையை விட்டுப் போய்விட்டார். பிற்பாடு விடுதிப் பள்ளி. பிரிவைப் பற்றி வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்த மனிதருக்குப் பிரிவு புத்தகத்தில் படித்த விஷயம் அல்ல.

கேம்பிரிட்ஜில் படித்த பிறகு, 1928 வாக்கில், சிக்கலான பிள்ளைகளுக்கான ஒரு பள்ளியில் சில காலம் வேலை பார்த்தார். அங்கே இரண்டு பையன்கள். ஒருவன் திருட்டுக்காக நல்ல பள்ளியிலிருந்து விலக்கப்பட்டவன்; யாரோடும் ஒட்டமாட்டான்; அவனுக்கு நிலையான அம்மா என்று ஒருவர் இருந்ததே இல்லை. இன்னொருவன் ஏழெட்டு வயதுச் சிறுவன். போல்பியின் பின்னாலேயே நிழல் மாதிரி சுற்றுவான். இந்த இருவரும்தான் தன்னை இந்தத் துறைக்கு இழுத்தவர்கள் என்று பின்னாளில் அவர் சொல்லியிருக்கிறார். ஆசிரியராக இருந்த எனக்கு இந்த இடம் மிகவும் பிடித்தது. வகுப்பில் இரண்டு பிள்ளைகளை ஒழுங்காகக் கவனித்துப் பார்த்தால் போதும், ஒரு வாழ்நாளுக்கான பாடம் கிடைத்துவிடுகிறது.

டாக்டரான பிறகு லண்டனில் குழந்தைகள் ஆலோசனை நிலையத்தில் வேலை. அங்கே திருட்டுப் பழக்கத்துக்காகக் கொண்டுவரப்பட்ட 44 பிள்ளைகளையும், திருட்டுப் பழக்கம் இல்லாமல் வேறு சிக்கலுக்காக வந்த 44 பிள்ளைகளையும் ஒப்பிட்டார். திருடிய 44 பேரில் 17 பேர் ஐந்து வயதுக்கு முன்பே நீண்ட காலம் தாயைப் பிரிந்திருந்தவர்கள். மற்றக் கூட்டத்தில் அப்படி இருந்தது 2 பேர்தான். இந்தக் கட்டுரை 1944இல் வெளிவந்தது.

அதற்குள் உலக யுத்தம் வந்துவிட்டது. 1939 செப்டம்பர் 1ஆம் தேதி, குண்டு விழும் என்ற பயத்தில் பிரிட்டிஷ் நகரங்களிலிருந்து பிள்ளைகளைக் கிராமப்புறங்களுக்கு ரயிலேற்றத் தொடங்கினார்கள். மூன்றே நாளில் சுமார் 15 லட்சம் பேர். பாதிக்கு மேல் பள்ளிப் பிள்ளைகள், அம்மா அப்பா இல்லாமல். கோட்டில் பெயர்ச்சீட்டு, தோளில் விஷவாயு முகமூடிப் பெட்டி. முன்பின் தெரியாதவர்கள் வந்து, எனக்கு இந்தப் பிள்ளை, உனக்கு அந்தப் பிள்ளை என்று பொறுக்கிக்கொண்டு போனார்கள். உயிரைக் காப்பாற்றச் செய்த ஏற்பாடு. அதைக் குறைசொல்ல முடியாது. ஆனால் அந்த டிசம்பரிலேயே போல்பியும், வின்னிகாட், எமானுவேல் மில்லர் என்ற இன்னும் இரண்டு டாக்டர்களும் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலுக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். இரண்டு முதல் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைத் தாயில்லாமல் அனுப்புவதில் ஆபத்து இருக்கிறது. அது உடம்பில் தெரியாது, மனசில் தங்கும் என்பது அதன் சாரம்.

லண்டனிலேயே தங்கிவிட்ட பிள்ளைகளையும், குண்டுவீச்சில் வீடிழந்தவர்களையும் வைத்து ஹாம்ஸ்டெட் பகுதியில் காப்பகம் நடத்தியவர் அன்னா பிராய்ட். பெரிய பிராய்டின் மகள். கூடவே அவர் தோழி டோரதி பர்லிங்காம். அவர்கள் கண்டது எல்லோரையும் ஆச்சரியப்படுத்தியது. குண்டு விழும் ஊரில் அம்மாவின் மடியில் இருந்த பிள்ளைகளைவிட, பத்திரமான ஊரில் அம்மா இல்லாமல் இருந்த பிள்ளைகள்தான் அதிகம் கலங்கியிருந்தார்கள். அம்மா பயப்படாமல் இருந்தால் பிள்ளையும் பயப்படவில்லை. காப்பகத்தில் பிள்ளைகளை நாலைந்து பேராகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரே பெண்ணைப் பொறுப்பாக்கியதும் மாற்றம் தெரிந்தது. அதுவரை பொம்மை மாதிரி இருந்த பிள்ளைகள் "எங்க அக்கா" என்று சண்டை போட ஆரம்பித்தார்கள். சண்டை அதிகமானது, வளர்ச்சியும் கூடியது.

அந்தக் காப்பகத்தில் பாய்லர் பார்ப்பதற்கும் எடுபிடி வேலைக்கும் ஒருவர் இருந்தார். ஜேம்ஸ் ராபர்ட்சன். ஸ்காட்லாந்துக்காரர், தொழிலாளி வீட்டுப் பிள்ளை. அன்னா பிராய்ட் ஒரு விதி வைத்திருந்தார். வேலை செய்கிறவர் யாராக இருந்தாலும், பாய்லர்காரர் உட்பட, பிள்ளைகளிடம் கண்டதைச் சிறு அட்டையில் எழுதித் தரவேண்டும். அந்த அட்டைகள்தான் ராபர்ட்சனுக்குப் பள்ளிக்கூடம். யுத்தம் முடிந்ததும் 1948இல் டாவிஸ்டாக் மருத்துவமனையில் போல்பியிடம் வேலைக்குச் சேர்ந்தார். அவருக்குக் கொடுத்த வேலை, ஆஸ்பத்திரிக் குழந்தைகள் வார்டில் உட்கார்ந்து கவனிப்பது.

அந்தக் காலத்து லண்டன் ஆஸ்பத்திரிகளில் பெற்றோர் பிள்ளையைப் பார்க்க வாரத்தில் ஒன்றிரண்டு மணி நேரம்தான் அனுமதி. சில இடங்களில் அதுவும் இல்லை. தூங்கும்போது கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொள்ளலாம். காரணம் கேட்டால் சொல்வது, "அம்மா வந்தால்தான் பிள்ளை அழுகிறது, வராவிட்டால் பழகிவிடுகிறது". எங்கள் தெரு வாட்ச்மேன் சொன்னதும் அதே வார்த்தைதான்!

ராபர்ட்சன் பார்த்தது வேறு. பிள்ளை முதலில் அழுது ஆர்ப்பாட்டம் செய்கிறது. இது எதிர்ப்பு. பிறகு ஓய்ந்து, ஒரு மூலையில் உட்கார்ந்து, சோறு வேண்டாம் என்கிறது. இது நம்பிக்கை இழப்பு. அதற்கும் பிறகு நர்ஸோடு சிரிக்கிறது, பொம்மை கேட்கிறது. அம்மா வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. இது விலகல். இந்த மூன்றாம் கட்டத்தைத்தான் எல்லோரும் "பழகிவிட்டது" என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

சொன்னால் டாக்டர்கள் நம்பவில்லை. எனவே ஒரு 16 எம்.எம். கேமராவை வாங்கினார். ஆஸ்பத்திரிக்குக் காத்திருப்போர் பட்டியலில் கண்ணை மூடி ஊசியால் குத்தி ஒரு பெயரை எடுத்தார்கள். இரண்டரை வயது நெருங்கும் ஒரு பெண் கிடைத்தாள். படத்தில் அவள் பெயர் லாரா. தொப்புள் குடலிறக்கத்துக்குச் சின்ன ஆபரேஷன். எட்டு நாள் தங்கல். ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் எடுத்தார் என்பதற்குச் சாட்சியாகச் சுவர்க் கடிகாரம் தெரியும்படி படம் பிடித்தார். லாரா வயதுக்கு மீறிய அடக்கம் உள்ளவள். அதிகம் அழவே இல்லை. விளையாட்டுக்கு நடுவே திடீரென்று முகம் கோணும். அம்மா எங்கே என்று மெல்லக் கேட்பாள். கரடி பொம்மையை இறுக்கிக்கொள்வாள். இடையில் அம்மா வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வீட்டுக்குப் போகும் நாளில் தன் சாமான்களைத் தானே எடுத்துக்கொண்டு நடந்தாள். அம்மா நீட்டிய கையைப் பிடிக்கவில்லை.

1952 நவம்பரில் லண்டனில் ராயல் சொசைட்டி ஆஃப் மெடிசின் கூட்டத்தில் இந்தப் படத்தைக் காட்டினார்கள். கைதட்டல் கிடைக்கவில்லை, வசவுதான் கிடைத்தது. எங்கள் தொழிலையே அவமானப்படுத்துகிறார், இந்தப் பெண் ஒரு விதிவிலக்கு என்றெல்லாம் எழுந்து பேசினார்கள். ராபர்ட்சன் விடவில்லை. ஊர் ஊராகப் போய்க் காட்டினார். 1959இல் சர் ஹாரி பிளாட் தலைமையிலான அரசாங்கக் குழு, பெற்றோரைத் தடையில்லாமல் அனுமதிக்க வேண்டும், சின்னப் பிள்ளைகளோடு தாயும் தங்க ஏற்பாடு வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதை அமலுக்குக் கொண்டுவர இன்னும் பல வருடம் தாய்மார்கள் சங்கம் வைத்துப் போராட வேண்டியிருந்தது. பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் அம்மாவும் பாட்டியும் தூக்குச்சட்டியோடு போய்க் கட்டிலடியில் பாய் விரிக்கும் நம் ஊர் வழக்கத்தை நர்ஸ்கள் திட்டுவார்கள். அங்கே அதற்கு அரசாங்கக் கமிட்டியே தேவைப்பட்டது.

லாராவின் கதையில் ஒரு பின்குறிப்பு உண்டு. ஆறு மாதம் கழித்து அந்தப் படத்தை அவளே பார்க்க நேர்ந்தது. பார்த்து முடித்ததும் முகம் சிவந்து அம்மாவிடம் திரும்பி, அப்போது நீ எங்கே இருந்தாய் என்று கேட்டாளாம். பழகிவிட்டாள் என்று நினைத்த எல்லோருக்கும் அதுதான் பதில்.

போல்பி இதற்கிடையே உலக சுகாதார நிறுவனம் கேட்டுக்கொண்டபடி வீடிழந்த பிள்ளைகளைப் பற்றி அறிக்கை தயாரித்து, 1951இல் வெளியிட்டிருந்தார். அதில் அவர் சேர்த்துவைத்த சான்றுகளில் ரெனே ஸ்பிட்ஸ் கண்டதும் ஒன்று. ஸ்பிட்ஸ் இரண்டு இடங்களை ஒப்பிட்டவர். ஒன்று, சுத்தமான, டாக்டர்கள் உள்ள அனாதைக் குழந்தைகள் இல்லம். இன்னொன்று, சிறைச்சாலையில் கைதித் தாய்மார்களே தங்கள் பிள்ளைகளைக் கவனித்த இடம். சுத்தமான இல்லத்தில் இரண்டு ஆண்டுகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குழந்தைகள் இறந்துபோனார்கள். சிறையில் ஒன்றுகூட இறக்கவில்லை.

இனிப் பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன்.

1932இல் பிராட்வின் என்ற அமெரிக்க டாக்டர், பள்ளிக்கு மட்டம் போடும் பிள்ளைகளில் ஒரு தனி வகை உண்டு என்று எழுதினார். இவர்கள் ஊர்சுற்றுவதில்லை, வீட்டுக்கு ஓடுகிறார்கள். கேட்டால் காரணம் சொல்லத் தெரியாது. அம்மாவுக்கு ஏதோ ஆகிவிடும் என்ற பயம் உள்ளே இருக்கும். 1941இல் அடிலெய்ட் ஜான்சன் என்பவரும் கூட்டாளிகளும் இப்படிப்பட்ட எட்டுப் பிள்ளைகளை ஆராய்ந்து இதற்குப் பள்ளி அச்சம் என்று பெயர் வைத்தார்கள். பெயர் நிலைத்துவிட்டது, ஆனால் பெயர் சரியில்லை. 1973இல் போல்பி 'பிரிவு' என்ற தன் பெரிய புத்தகத்தில் அதைத் திருத்தினார். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அச்சம் பள்ளியைப் பற்றி அல்ல, தான் பள்ளியில் இருக்கும்போது வீட்டில் என்ன நடக்கும் என்பதைப் பற்றி என்றார். கவலைப்படும் பெற்றோர் தனக்குத் துணையாகப் பிள்ளையை நிறுத்திக்கொள்வது ஒரு வகை. அம்மாவுக்கோ அப்பாவுக்கோ ஏதாவது நடந்துவிடக் கூடாதே என்று பிள்ளையே காவலுக்கு நிற்பது இன்னொரு வகை. பெற்றோர் கோபத்தில் விட்டுப் போய்விடுவேன், செத்துப்போவேன் என்று சொல்வதைப் பிள்ளை அப்படியே நம்பிவிடுகிறது என்றும் எழுதியிருக்கிறார்.

அந்தப் பக்கத்தைப் படித்தபோது எனக்கு அறுபது வயது தாண்டியிருந்தது. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெளியே வந்து திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன். நான் சிவப்புக் கோடு இழுத்ததற்கு மூன்று நாலு வருடம் முன்பே அந்தப் புத்தகம் அச்சாகிவிட்டது.

இந்தக் கதை இத்தோடு முடிந்தால் எல்லாப் பழியும் அம்மாக்கள் தலையில் விழும். விழுந்தது. வேலைக்குப் போகும் பெண்களைக் குற்றவாளி ஆக்க போல்பியின் பெயரைப் பலர் பயன்படுத்தினார்கள். அதைச் சரிசெய்தவர்களில் முக்கியமானவர் மைக்கேல் ரட்டர் என்ற குழந்தை மனநல டாக்டர். 1972இல் எழுதிய சிறு புத்தகத்தில் மூன்று விஷயங்களைப் பிரித்துக் காட்டினார். ஒன்று, பிரிவைவிட வீட்டில் ஓயாத சண்டைதான் பிள்ளையை அதிகம் கெடுக்கிறது. இரண்டு, இருந்த பிணைப்பை இழப்பது வேறு. பிணைப்பே கிடைக்காமல் வளர்வது வேறு. மூன்று, அந்தப் பிணைப்பு அம்மாவிடம்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. அப்பா, பாட்டி, தாத்தா யாரிடமும் இருக்கலாம். மூன்றாவதைப் படித்ததும் எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

ரட்டரும் அவர் கூட்டாளிகளும் 1964, 65இல் ஐல் ஆஃப் வைட் என்ற தீவில் பத்து, பதினோரு வயதுப் பிள்ளைகளை ஆராய்ந்தார்கள். பெற்றோரிடம் ஒரு கேள்வித்தாள், ஆசிரியரிடம் ஒரு கேள்வித்தாள். சிரமப்படுகிற பிள்ளைகள் என்று வீடு சொன்ன பட்டியலும், பள்ளி சொன்ன பட்டியலும் பெரும்பாலும் வெவ்வேறாக இருந்தன. இரண்டிலும் இருந்த பெயர்கள் கொஞ்சமே. அதாவது, நாம் பார்ப்பது பிள்ளையில் பாதியை. மீதிப் பாதியைப் பார்த்தவர் வேறு எங்கோ இருக்கிறார். எங்கள் ஊரில் அவர் எதிர்வீட்டில் இருந்த சமையல்கார அம்மா. நான் கேட்டிருந்தால் தை மாதமே சொல்லியிருப்பார்.

1979இல் ரட்டர் குழு இன்னொரு புத்தகம் போட்டது. பெயர் 'பதினைந்தாயிரம் மணி நேரம்'. ஐந்து வயதில் சேர்ந்து படிப்பை முடிக்கும்வரை ஒரு பிள்ளை பள்ளியில் கழிக்கும் நேரம் அது. லண்டனின் 12 உயர்நிலைப் பள்ளிகளை ஒப்பிட்டார்கள். வரும் பிள்ளைகள் ஒரே மாதிரிப் பேட்டைகளிலிருந்து வந்தாலும் பள்ளிக்குப் பள்ளி வித்தியாசம் இருந்தது. கட்டடமோ அளவோ காரணம் அல்ல. ஆசிரியர் நேரத்துக்கு வருகிறாரா, பிள்ளைகளைப் பாராட்டுகிறாரா, அவர்கள் செய்ததைச் சுவரில் மாட்டுகிறாரா, அவர்களிடம் ஏதாவது பொறுப்பு கொடுக்கிறாரா என்பவைதான் கணக்கில் வந்தன. வீடு எப்படி இருந்தாலும் பள்ளியால் செய்யக்கூடியது உண்டு என்பதே அதன் செய்தி. "வீடு சரியில்லை, நான் என்ன செய்ய?" என்று முப்பத்தாறு வருடம் சொன்ன எங்களைப் போன்றவர்களுக்கு அது இடறலான செய்தி.

நம் நாட்டிலும் 2009இல் வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு பிள்ளைகளை அடிப்பதையும் மனத்தளவில் துன்புறுத்துவதையும் தடைசெய்துவிட்டது. நான் ஓய்வுபெறும்போது பிரம்பு பள்ளியை விட்டுப் போயிருந்தது. ஆனால் பிரம்பைக் கீழே போடுவது பாதி வேலைதான். பிள்ளை ஏன் ஜன்னலைப் பார்க்கிறது என்று கேட்பது மீதிப் பாதி.

செல்வத்தை நான் மறுபடி ஒருமுறை பார்த்தேன். ஏழெட்டு வருடம் முன்பு, புதுக்கோட்டையில் ஒரு கல்யாண வரவேற்பில். தலை நரைத்த ஒரு மனிதர் அருகில் வந்து, "சார், நீங்க எனக்கு ரெண்டாங் கிளாஸ் எடுத்தீங்க" என்றார். பெயர் சொன்னதும் எனக்கு நெஞ்சு அடைத்தது. டிராக்டர் ரிப்பேர் பட்டறை வைத்திருக்கிறாராம். கணக்கு வழக்கெல்லாம் தானே பார்க்கிறாராம்.

"உன்னை அடிச்சிருக்கக் கூடாதுப்பா. எனக்கு அப்போ ஒண்ணும் தெரியலை" என்றேன்.

"அடிச்சதெல்லாம் ஞாபகமே இல்லை சார். நாலு பேரு தூக்கிட்டுப் போனது மட்டும் ஞாபகம் இருக்கு. அப்ப அம்மா வாசல்ல நின்னு பாத்துக்கிட்டு இருந்துச்சு" என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, "அம்மா நல்லா இருக்கு சார். எங்கூடத்தான் இருக்கு."

சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னேன். பந்தி போட இன்னும் அரை மணி நேரம் ஆகும் என்றார்கள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இல்லைங்க சார், வீட்ல அம்மா தனியா இருக்கு" என்று சொல்லி மொய் எழுதிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

பேரன் கதைக்கு வருகிறேன். தினமும் நாலு மணி நேரம் பள்ளியில் இருந்துவிட்டு வீடு திரும்பும் பிள்ளையும், எட்டு நாள் தனியாக ஆஸ்பத்திரியில் கிடந்த லாராவும் ஒன்றல்ல. அது எனக்குத் தெரியும். பெரும்பாலான பிள்ளைகள் ஓரிரு வாரத்தில் உண்மையாகவே பழகிவிடுகிறார்கள். ஆனாலும் நான் வழக்கத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டேன். அவன் பார்க்காத சமயம் நழுவி வருவதில்லை. "தாத்தா போயிட்டு, நீ சாதம் சாப்பிட்டு முடிச்சதும் வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டுத்தான் வருகிறேன். அழுதால் அழட்டும், பொய் சொல்லி ஏமாற்றுவதில்லை. "போகலைன்னா பூச்சாண்டிகிட்ட விட்டுட்டுப் போயிடுவேன்" என்று வீட்டில் யாரும் சொல்லக் கூடாது என்று உத்தரவு போட்டிருக்கிறேன். என் மனைவி, "ரிடையர் ஆகியும் ஹெட்மாஸ்டர் புத்தி போகலை" என்கிறாள்.

பள்ளி விடுவது பன்னிரண்டரைக்கு. நான் பன்னிரண்டேகாலுக்கே போய் கேட்டின் எதிரில், அவன் வகுப்பு ஜன்னலிலிருந்து தெரியும்படி, வேப்பமரத்தடியில் நின்றுவிடுகிறேன்.